செவியிரைச்சலும் அதன் காரணங்களும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

தமிழாசிரியனொருவன் மேடையேறினால் காவியச் சுவையையோ இலக்கண நுட்பத்தையோ எடுத்துரைப்பான் என்று எதிர்பார்த்தல் இயல்பு. சங்கத்துக் காரியதரிசி அவர்களும் அவ்வாறே எதிர்பார்த்தனர். யாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும், "ஐயா, இது மருத்துவர் பேசவேண்டியதன்றோ?" என்று வினவினர். மருத்துவர் பேசின் இன்னும் நன்றாகவே இருக்கும். ஆயினும், நோயை உற்றவன் ஒருவன், உண்மையை மருத்துவர்பாற் கேட்டும் நூல்களிற் பயின்றும் தெளிந்தபின், தன் சுற்றத்தார்க்கு அதனைச் சொல்லாதிருத்தல் முறையன்று எனக் கருதியே இதனை எடுத்துக்கொண்டோம். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

வெளியே ஒலி யாதும் இல்லாத பொழுதிலும் காதினுள்ளே ஓர் ஒலி இடையறாது கேட்பதே செவியிரைச்சல் எனப்படும். ஒருவர்க்கு அது சுவர்க்கோழி கத்துவது போலிருக்கும். மற்றொருவர்க்குக் கடலிரைச்சல் போலிருக்கும். வேறொருவர்க்குக் கொதிகலத்தின் ஆவி சீறுவது போலிருக்கும். சுசுருத சங்கிதை செவிநோய் 28 என வகுத்து, அவற்றுள் ஒன்றாகக் கர்ணநாதத்தைக் கூறுகின்றது. மேனாட்டார் இதற்கு இட்ட பெயரும் மணியொலித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லடியாகப் பிறந்ததே. எனவே இது புதியதொரு நோயன்று. அரியதும் அன்று. பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கொன்று, வயது வந்தோருள் நூற்றுக்கு ஏறக்குறைய 14 பேர் இவ்விரைச்சலை உற்றவர் என்றும், நூற்றுக்கு இருவர்க்கு அது கடுமையாக வருத்துகின்றது என்றும் உரைக்கின்றது. அக்கணக்கு இவ்வவைக்கும் பொருந்துமாயின், இங்குள்ளாருள் பலர் யாம் பேசும் பொருளைத் தம் காதினுள்ளேயே இப்பொழுது கேட்டுக்கொண்டிருத்தல் கூடும்.

எம் கதையைச் சிறிது கூறுவோம். எம் தந்தையார் பித்தளைக் குடமும் செப்புத் தவலையும் தட்டிப் பிழைத்தவர். பள்ளி விட்டதும் பட்டறையிற் சென்று அவரருகில் அமர்ந்து, பாடம் படித்துக்கொண்டே துருத்தி ஊதுவது எம் இளமைக் கடன். பதினெட்டு அகவை வரை அவ்வாறே கழிந்தது. இரவில் உணவுண்டு திண்ணையிற் சாய்ந்ததும் தந்தையார், "பட்டறையைப் பூட்டியாயிற்று; காதுக்குள் மட்டும் இன்னும் பூட்டவில்லை" என்பார். நாள் முழுதும் உழைத்த களைப்பினால் அவ்வாறு சொல்லுகின்றார் என்றே யாம் கருதினோம். முதுமையில் அவர்க்குக் காது அறவே மந்தமாயிற்று. யாம் உரக்கக் கூவுவதும், அவர் வேறொன்றாகக் கொண்டு விடையிறுப்பதும், வீட்டிலுள்ளார் நகைப்பதும் நாள்தோறும் நிகழ்ந்தன. யாமும் நகைத்தோம். அவர் மறைந்து ஒன்பது ஆண்டு கழித்து, எமக்கு நாற்பத்திரண்டாம் அகவை நடந்தபொழுது, திருவிழா ஒன்றில் எம் இடச்செவியின் அண்மையில் அதிர்வேட்டு வெடித்தது. அன்றிரவு தொடங்கிய சீழ்க்கையொலி மறுநாள் நிற்கும் என்று காத்திருந்தோம். நிற்கவில்லை. இன்றும் நின்றபாடில்லை.

அதனை எவரிடமும் சொல்லாமல் ஓராண்டுக்கு மேல் மறைத்தோம். ஆசிரியனுக்குக் காது மந்தம் என்றால் மாணவர் மதிப்பரோ, பள்ளியார் வைத்திருப்பரோ என்னும் அச்சமே காரணம். ஒருநாள் யாப்பிலக்கணம் நடத்தும்பொழுது, நின்ற சீரும் வரும் சீரும் தம்முட் கூடுவது யாது என வினவினோம். பின்வரிசையில் ஒரு சிறுவன் எழுந்து விடை கூறினான். எமக்கு அது 'களை' எனக் கேட்டது. "வயலிற் பிடுங்குவதை ஏன் வகுப்பிற் கொணர்ந்தாய்?" என்று கடிந்து நிற்க வைத்தோம். வகுப்பு முழுதும் நகைத்தது. அவன் மீண்டும் அதனையே கூறினான், மீண்டும் கடிந்தோம். அவன் கண்ணில் நீர் வந்தபின் அருகிலிருந்த மாணவன் எழுந்து, "ஐயா, அவன் 'தளை' என்றுதான் சொல்லுகின்றான்" என்றான். அன்று நாணியது போல யாம் எந்நாளும் நாணியதில்லை. அச்சிறுவன் கூறியது சரி. குற்றம் எம் செவியினது. அதனை மறைத்த குற்றமோ எம்முடையது.

இதன்பின்னும் யாம் நேரே மருத்துவமனை சென்றிலோம். ஒரு மண்டலத்தில் இரைச்சலை ஒழிப்பதாக உறுதி கூறிய ஒருவரிடம் பொருளைச் செலவிட்டு, அவர் தந்த எண்ணெயை நாளிருவேளை காதில் ஊற்றினோம். இரைச்சல் ஒழியவில்லை. காதினுள்ளே பூஞ்சை பற்றி நமைச்சலும் நோவும் சேர்ந்தன. அந்நோவே எம்மை முடிவில் மருத்துவரிடம் கொண்டு சேர்த்தது. அவர் காதைத் தூய்மை செய்து, இசைக்கவை ஒன்றை அதிரச் செய்து சோதித்து, ஒலி புகா அறையில் இருத்திச் செவியுணர்வை அளந்து, வரைபடம் ஒன்றைக் காட்டினார். அவ்வரை தாழ்ந்த ஒலிகளில் நேராகச் சென்று, நொடிக்கு 4000 அதிர்வு என்னும் இடத்திற் பள்ளத்தில் வீழ்ந்தது. "நீர் பெருத்த ஓசையில் நெடுங்காலம் இருந்தவரோ?" என்று அவர் கேட்ட பொழுதே எம் தந்தையாரின் சொல் எம் நினைவுக்கு வந்தது. அவர் கூறியது களைப்பின் பேச்சன்று. உற்ற நோயை உள்ளவாறே உரைத்தனர். கேட்கும் செவி எமக்கன்றோ இல்லாமற் போயிற்று!

இப்பள்ளம் யாங்ஙனம் உண்டாகின்றது என்பதை அறியச் செவியின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். புறத்தே வரும் ஒலி செவித்துளை வழியே சென்று செவிப்பறையில் மோதுகின்றது. பறைக்குப் பின்னே மூன்று சிற்றெலும்புகள் ஒன்றோடொன்று கோத்துள்ளன. அவற்றிற்கு மேனாட்டு உடற்கூற்று நூலார் இட்ட பெயர்கள் நமக்கு மகிழ்ச்சி தருவன: ஒன்று சுத்தியல், ஒன்று பட்டடை, மற்றொன்று அங்கவடி. பட்டறையில் நாம் கையாளும் சுத்தியலும் பட்டடையும் ஒவ்வொருவர் செவியினுள்ளும் இருக்கின்றன. அங்கவடியே நம் உடலிலுள்ள எலும்புகளுட் சிறியது. அது தன் அதிர்வை நத்தைக்கூடு போற் சுருண்ட உட்செவியிற் செலுத்துகின்றது. அச்சுருளினுள் நீரும், நீரிடையே மயிரணுக்கள் எனப்படும் நுண்ணுயிர்க் கூறுகளும் உள. ஒலியை நரம்பிற்கு உணர்த்துவன ஒரு செவிக்கு 3500 அளவின. அவ்வொலியைப் பெருக்கித் துணை செய்வன 12000 அளவின. அவ்வளவே நம் முதல். பெருத்த ஓசை இவ்வணுக்களை வயலிற் பயிரைப் புயல் சாய்ப்பது போலச் சாய்க்கின்றது. சிறிது சாய்ந்தவை ஓய்வு கிடைப்பின் நிமிரும். பன்முறை சாய்ந்தவை மடியும். பறவையினத்திற்கு இவை மீண்டும் முளைக்கும் என்பதை அறிவியலார் 1988-ஆம் ஆண்டளவிற் கண்டனர். மக்கட்கு ஒருகால் மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

உயர்ந்த சுருதியை உணரும் அணுக்கள் சுருளின் வாயிலில் உள்ளன. அவற்றுள்ளும் 4000 அதிர்வை ஒட்டிய இடமே பேரோசைக்கு முதலில் இரையாகின்றது. உயிரெழுத்தின் முழக்கம் தாழ்ந்த சுருதியினது. வல்லெழுத்துக்களைத் தம்முட் பிரித்தறிவிக்கும் நுண்ணொலி உயர்ந்த சுருதியினது. ஆகவே செவி கெடத் தொடங்கியவர்க்குப் பேச்சு கேட்கும்; சொல் விளங்காது. உயிர் நிற்க மெய் மறையும். தளை களையானது இவ்வாறே.

அற்றேல், கேளாமை உண்டாவது சரி. இல்லாத ஒலி எவ்வாறு கேட்கின்றது எனின், கூறுவோம். வரவேண்டிய விருந்தினரை எதிர்நோக்கி இரவில் வாயிலில் அமர்ந்திருப்பார்க்கு ஒவ்வோர் இலையசைவும் காலடியோசையாகத் தோன்றுமன்றோ? செவியிலிருந்து வழக்கமாக வரும் செய்தி குறைந்தவிடத்து மூளை அதனைத் தேடித் தன் கூர்மையை மிகுதிப்படுத்துகின்றது. அப்பொழுது நரம்பு வழியில் இயல்பாகவே நிகழும் சிறு சலனமும் பேரொலியாகத் தோன்றுகின்றது. இஃதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். 1953-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், குறையில்லாச் செவியுடைய 80 பேரை ஒலி புகா அறையில் இருத்திக் கேட்பதைக் கூறுமாறு பணித்தனர். அவருள் நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஓர் ஒலி கேட்பதாகக் கூறினர். பேரமைதியில் நல்ல செவிக்கும் உள்ளொலி கேட்கும். செவி குறைந்தவர்க்கோ உலகமே அத்தகைய அறையாகிவிடுகின்றது. ஆதலின் இரைச்சல் தனியே ஒரு நோயன்று. வேறொன்று நிகழ்ந்துள்ளது என்பதை அறிவிக்கும் அடையாளம். மணியை நிறுத்த விரும்புவோன் அதனை அடிப்பது யாது என முதலிற் காணல் வேண்டும்.

அடிப்பன பல. அவற்றுள் தலையாயவை இரண்டு: முதுமை, பேரோசை. முதுமையை நாம் தடுக்க இயலாது. பேரோசையைத் தடுக்கலாம். அதிலும் நம்மனோர்க்கு இது முன்னோர் வழி வந்த தொழிலோடு பிணைந்தது. இத்தாலி நாட்டு இராமத்சீனி என்னும் மருத்துவர், தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-இல் வெளியிட்டுப் பின் 1713-இல் விரித்த நூலில், வெனிசு நகரத்துச் செம்புகொட்டிகள் ஓயாத சுத்தியலோசையாற் செவி மந்தமாகி முதுமையில் முற்றும் செவிடாவதை எழுதிவைத்தனர். 1886-இல் கிளாசுகோ நகரத்துச் செவி மருத்துவர் தாமசு பார் என்பார், கொதிகலம் செய்வார் 100 பேரைச் சோதித்து, அவருள் ஒருவர்க்கேனும் இயல்பான செவியுணர்வு இல்லை எனக் கண்டனர். ஆகவே நம் தந்தையரும் பாட்டன்மாரும் செவிடானது ஊழ்வினையாலன்று. வெனிசிலும் கிளாசுகோவிலும் எக்காரணத்தால் நிகழ்ந்ததோ அக்காரணத்தாலேயே நம் தெருவிலும் நிகழ்ந்தது.

இக்காலத்துப் பட்டறையில் சம்மட்டியோடு இரும்பறுக்கும் சக்கரமும் சாணைப்பொறியும் சேர்ந்துள்ளன. ஒலியை அளக்கும் அளவைக்கு டெசிபெல் என்று பெயர். இருவர் அமைதியாக உரையாடுவது ஏறக்குறைய 60. அமெரிக்க நாட்டுத் தொழிற்சுகாதார நிறுவனம் 1998-இல் வகுத்த அளவு வருமாறு: 85 டெசிபெல் ஓசையில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம், ஓசை 3 டெசிபெல் ஏறுந்தோறும் நேரம் பாதியாகக் குறைதல் வேண்டும். 88-க்கு 4 மணி. 91-க்கு 2 மணி. 94-க்கு ஒரு மணி. 100-க்கு 15 நிமிடமே. இரும்பறுக்கும் சக்கரத்தின் ஓசை 100-ஐ எட்டுதல் எளிது. நாள் முழுதும் அதனருகே வெறுங்காதோடு நிற்கும் இளைஞன் தன் முதலை நாழிகைதோறும் செலவிடுகின்றான். கையெட்டும் தொலைவில் நிற்பவரிடம் பேச உரக்கக் கூவவேண்டியிருப்பின் அவ்வோசை செவிக்குத் தீது என அறிக. இதற்கு அளவைக் கருவி வேண்டா. வேலை விட்டு வீடு சென்றபின் காது அடைத்தாற்போலிருப்பதும் சிறிது நேரம் இரைவதும் செவி விடுக்கும் முதல் முறையீடு.

பட்டறையில் நில்லாதார் தமக்கு இத்தீங்கு இல்லை என்று மகிழவேண்டா. திருமணங்களில் ஆளுயர ஒலிபெருக்கியின் முன்னே குழந்தைகள் ஆடுகின்றனர். இளைஞர் சிறு கருவிகளைக் காதிற் செருகி இரவெல்லாம் பாட்டுக் கேட்கின்றனர். உலகச் சுகாதார நிறுவனம் 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கு மேற் கேளாதிருக்குமாறு அறிவுறுத்துகின்றது. 12 முதல் 35 வரை அகவையுடையாருள் நூறு கோடிக்கும் மேற்பட்டார் கேட்கும் முறையாற் செவி இழக்கும் இடர்ப்பாட்டில் உளர் என்றும் கூறுகின்றது.

இனி ஏனைக் காரணங்களைச் சுருக்கி உரைப்போம். செவித்துளையைக் குறும்பி அடைத்துக்கொள்ளுதல் எளிய காரணம். எளிதில் நீங்குவதும் அதுவே. குறும்பி செவியைக் காக்கும் பொருட்டு இயற்கை தந்தது. தானே வெளிவரும் இயல்பினது. அதனைப் பஞ்சுக்குச்சியாலும் கொண்டையூசியாலும் தோண்டுவார் உள்ளே தள்ளி இறுக்குகின்றனர். சிலர் பறையையும் கிழித்துக்கொள்கின்றனர். சளி பிடித்து நடுச்செவியில் நீர் தங்குதல், சீழ் வடிதல், பறையில் துளை விழுதல், அங்கவடி அசையாதவாறு எலும்பு வளர்ந்து இறுகுதல் என்பனவும் இரைச்சலைத் தரும். இவற்றுட் பல மருந்தாலும் அறுவையாலும் தீரத்தக்கன.

மருந்தும் காரணமாதல் உண்டு. மிகுந்த அளவில் உண்ணும் ஆஸ்பிரினும், மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினாவும் காதை இரையச் செய்யும். நிறுத்தினாற் பெரும்பாலும் அடங்கும். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் முதலிய ஊசிமருந்துகளும், புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டினும் செவியணுக்களை நிலையாகவே கெடுத்தல் கூடும். அதுபற்றி ஒருவரும் தாமாக மருந்தை நிறுத்திவிடலாகாது. மருந்து தொடங்கியபின் காது இரையுமாயின் தந்த மருத்துவரிடம் அன்றே கூறுதல் வேண்டும்.

தாடைப் பூட்டு தேய்ந்தும் இறுகியும் இருப்பார்க்கும், இரவிற் பல்லைக் கடிப்பார்க்கும், கழுத்துத் தசை பிடித்தார்க்கும் இரைச்சல் தோன்றுவதுண்டு. வாயைத் திறந்து மூடும்பொழுது ஒலி மாறுமாயின் இதனை ஐயுறலாம். தலை சுழன்று வாந்தியும், ஒரு காதில் அடைப்பும் இரைச்சலும், கேட்டல் குறைதலும் விட்டுவிட்டு வருமாயின் அது மெனியேர் நோயாக இருக்கலாம். பாரிசு நகரத்து மெனியேர் என்னும் மருத்துவர் இத்தகைய தலைச்சுழற்சி மூளையினின்றன்றி உட்செவியினின்று தோன்றுவது என 1861-இல் நிறுவினமையின் அப்பெயர் பெற்றது. குருதிக்குறைவும் கண்டச் சுரப்பியின் கோளாறும் சிலர்க்குக் காரணமாகின்றன. கவலையும் உறக்கமின்மையும் இரைச்சலை மிகுவிக்கும். இரைச்சலோ அவ்விரண்டையும் மிகுவிக்கும். செக்குமாடு போல் இவை ஒன்றன்பின் ஒன்று சுற்றிவரும்.

அன்பர்களே! இவற்றை மறப்பினும் இனி யாம் கூறும் நான்கினை மறவாதீர்கள். ஒன்று: இரைச்சலோடு திடீரென ஒரு காது கேளாமற் போயின், அது நாட்பார்க்கும் காலமன்று. சில நாட்களுக்குள் மருந்து தொடங்கின் மீட்கலாகும் செவி, சில வாரம் கழிந்தாற் பெரும்பாலும் மீளாது. இரண்டு: இரைச்சல் ஒரு காதில் மட்டும் நிலைத்திருப்பின் சோதித்தல் வேண்டும், அரிதாகச் செவி நரம்பில் மெல்ல வளரும் கட்டி அவ்வாறு தன்னை அறிவிக்கும். மூன்று: இரைச்சல் நாடித் துடிப்போடு ஒத்துத் துடிக்குமாயின் குருதிக்குழாயிலோ குருதியழுத்தத்திலோ கோளாறு உண்டா எனப் பார்த்தல் வேண்டும். நான்கு: இரைச்சலோடு முகம் கோணுதல், நடை தள்ளாடுதல், தலைச்சுழற்சி, காதிற் சீழ் அல்லது குருதி வருதல் உண்டாயின் உடனே செல்லுதல் வேண்டும்.

இரைச்சலைத் தீர்க்கும் மருந்து உண்டா என்று கேட்பீர்கள். பேரோசையாலும் முதுமையாலும் வந்த இரைச்சலை அறவே ஒழிக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. இதனை வெளிப்படையாகக் கூறுவதே உதவி. இல்லாததை உண்டென்று விற்பார் வலையில் நீங்கள் வீழாதிருப்பீர்கள். கிங்கோ என்னும் இலைச்சத்தை இதன்பொருட்டுப் பரிந்துரைக்கலாகாது என அமெரிக்கச் செவி மருத்துவர் கழகம் 2014-இல் வகுத்த நெறி கூறுகின்றது. ஆயினும் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்று கைவிடுவதும் பிழை. செவி குறைந்தவர்க்குக் கேட்கும் கருவி பொருத்தினால், எதிர்பார்த்த விருந்தினர் வந்து சேர, மூளையின் தேடலும் தணிகின்றது. பேரமைதியைத் தவிர்த்து மின்விசிறியோசையோ மழையோசையோ மெல்லெனக் கேட்குமாறு செய்துகொள்ளின் உறக்கம் வரும். இரைச்சலைப் பற்றிய அச்சத்தையும் ஓயாத நினைவையும் முறையான பயிற்சியால் மாற்றும் உளநல மருத்துவம், அதனால் விளையும் துன்பத்தைக் குறைக்கின்றது என்பது ஆராய்ச்சியிற் கண்டது. ஒலி நிற்பதில்லை. ஆயின் தெருவில் ஓடும் வண்டியோசை போல, கேட்டும் கேளாதது போலாகிவிடுகின்றது. எமக்கு அவ்வாறே ஆயிற்று.

மறைத்தலின் கொடுமையை எம்மினும் பெரியோரும் உற்றனர். இசைப் பேரறிஞர் பீத்தோவன், 1801-இல் தம் நண்பராகிய மருத்துவர் வேகெலர்க்கு எழுதிய முடங்கலில், இரவும் பகலும் காது இரைவதையும், தமக்குக் காது கேளாது என்று பிறர்க்குச் சொல்ல நாணிக் கூட்டத்தையே தவிர்த்து வருவதையும் எழுதியுள்ளார். அப்பொழுது அவர்க்கு அகவை முப்பதே. போகிமிய நாட்டு இசைப்புலவர் ஸ்மேதனாவோ வேறு வழி கொண்டார். 1874-இற் செவிப்புலன் இழந்த அவர், 1876-இல் தம் வாழ்க்கையையே பொருளாகக் கொண்டு இயற்றிய நால்வர் இசையின் இறுதிப் பகுதியில், தம் காதிற் கேட்ட ஒலியைக் காட்ட உயர்ந்த சுரம் ஒன்றை நெடிது ஒலிக்கச் செய்தார். தம் நோயை உலகறியச் சொன்னதனால் அவர் பெருமை குன்றவில்லை.

நம்மிடையே யாது நிகழ்கின்றது? பெண் கொடாரோ, பெண் எடாரோ என்று அஞ்சிப் பெற்றோர் பிள்ளைகளின் காதுக் குறையை மறைக்கின்றனர். வேலை போய்விடும் என்று உழைப்பாளி மறைக்கின்றான். மறைத்த குறை வளர்கின்றது. 'செவிடன் காதிற் சங்கூதினாற்போல' என்னும் பழமொழியை யாமும் வகுப்பிற் பலகாற் கூறியதுண்டு, இனிக் கூறோம். கண் மங்கியவர் மூக்குக்கண்ணாடி அணிதலை எவரும் இகழ்வதில்லை. காது மங்கியவர் கருவி அணிதலை மட்டும் இகழ்வது என்ன நீதி? இம்மேடையில் நிற்கும் எம் இடச்செவியின் பின்னே ஒரு சிறு கருவி இருப்பதை முன்வரிசையிலுள்ளார் கண்டிருப்பீர்கள். பின்வரிசையிலுள்ளார் காணுமாறு இதோ திரும்பிக் காட்டுகின்றோம்.

முடிவாக இச்சங்கத்தாரை மூன்று வேண்டுகின்றோம். முதலாவது, நம்மவர் பட்டறைகளில் வேலை செய்யும் ஒவ்வோர் இளைஞனுக்கும் செவிமூடி ஒன்று சங்கத்தின் நிதியிலிருந்து வழங்குக. பஞ்சைச் செருகுவதாற் பயன் சிறிதே. நன்கு பொருந்திய செவிமூடியோ செவியடைப்போ ஓசையை 15 முதல் 30 டெசிபெல் வரை குறைக்கும். நாம் இவ்விழாவிற்கு வாங்கிய மாலைகளின் விலை பல பட்டறைகளுக்குப் போதும். இரண்டாவது, பட்டறைத் தொழிலாளர்க்கும் நாற்பது கடந்தார்க்கும் ஆண்டுக்கொருமுறை செவிச்சோதனை நடத்துக. செவித்திறன் இழப்பைத் தடுக்க மத்திய அரசு 2006-07-இல் ஒரு திட்டம் தொடங்கியது. அரசு மருத்துவமனைச் செவி மருத்துவரை அணுகின் உதவி பெறலாம். மூன்றாவது, நம் விழாக்களில் ஒலிபெருக்கியை அடக்குக. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்பிடங்களில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என அளவு வகுத்து, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கியை விலக்குகின்றன. இன்று காலை இப்பந்தலின் வாயிலிற் கட்டிய ஒலிபெருக்கியின் கீழே கைக்குழந்தையோடு ஒரு தாய் நின்றதைக் கண்டோம். பிறர் விழாவைக் குறை கூறுமுன் நம் விழாவைத் திருத்துவோம்.

திருவள்ளுவனார் கேள்வி என்றே ஓர் அதிகாரம் வகுத்தனர். அதனை நடத்தும் ஆசிரியனாகிய எமக்கு மாணவன் விடையைக் கேட்கும் செவி இல்லாதிருந்தது பெருங்குறை. அச்சிறுவனை மறுநாள் வகுப்பின் முன்னே அழைத்து, தவறு எம்மதே என்று கூறினோம். அவன் மகிழ்ந்தான். எம் தந்தையாரிடம் அவ்வாறு கூறும் பேறு எமக்கு இல்லாமற் போயிற்று. உங்கள் வீட்டில் இன்றிரவு முதியவர் ஒருவர் "காது இரைகின்றதே" என்பாராயின், நகையாது அருகிற் சென்று அமர்ந்து கேளுங்கள். மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இதற்காகவே இவ்வளவும் கூறினோம்.